வண்டிப்பாதையில் நின்ற ஆட்டோமேட்டிக்

புதிதாகக் கார் வாங்கியவன் முதல் மூன்று மாதம் பேசுகிற பேச்சையெல்லாம் மன்னித்துவிட வேண்டும் என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால், அதனால் அதிகம் பயனடையும் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவ்வளவு பேசியிருக்கிறேன்.

பதினோரு வருடமாகக் குவைத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. அந்த வருடம் பொங்கலுக்கு லீவில் வந்தபோது திருச்சியில் கார் எடுத்தேன். ஆட்டோமேட்டிக். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குள் அப்படி ஒரு வண்டி வந்தது அதுதான் முதல் தடவை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கிளட்ச் கிடையாது, கியர் மாத்துற வேலை கிடையாது, இடது காலுக்கு முழு ஓய்வு. எல்லாம் டெக்னாலஜி" என்றேன். (உண்மை என்னவென்றால், கிளட்ச் உள்ள வண்டியில் என்னை உட்கார வைத்தால் அது தவளை மாதிரி நாலு தாவு தாவிவிட்டு நின்றுவிடும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.)

தெருவில் நிறுத்தினால் பிள்ளைகள் ஆணியால் கோடு போட்டுவிடுவார்கள் என்று பயந்து, வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில், வேப்பமர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நிழலைப் பார்த்தேனே தவிரப் பாதையைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் அடுத்தவருடைய விளைந்த நெல். நடுவில் என் கார்.

அதைப் பார்த்துவிட்டு வள்ளிக்கண்ணு மதினி அன்றைக்கே சொன்னார்.

"தம்பி, வியாழக்கிழமை அறுப்பு மெஷின் வருது. இந்தப் பாதைதான். அதுக்குள்ள எடுத்துருங்க."

"ரெண்டு செகண்டு வேலை மதினி. சாவியத் திருகுனா போயிட்டே இருக்கும்" என்றேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கள் குடும்பத்து நிலம் மூன்று ஏக்கரையும் நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை பார்ப்பது மதினிதான். பம்ப்செட் மோட்டார் கெட்டால் காயில் கம்பி எங்கே எரிந்திருக்கிறது என்று மெக்கானிக் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். படிப்பு பத்தாவது. நான் பி.காம். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் பார்க்கிறேன்.)

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிப் போய்க் காரின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். முன்னாடி விளக்கு, பின்னாடி விளக்கு, பனி விளக்கு, உள்ளே பாட்டு. காட்டி முடித்துக் கதவைத் திறந்து இறங்கியபோது வண்டி "டிங் டிங் டிங்" என்றது.

"பாத்தீங்களா, எறங்குறப்ப வழியனுப்புது" என்றேன்.

அது என்னை வழியனுப்பவில்லை. விளக்கை அணைக்காமல் போகிறாயே பாவி என்று கதறியிருக்கிறது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மெஷின் வந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஊர் ஊராக வருகிற வண்டி. அதை ஓட்டுகிறவர் ஐம்பது வயதுக்காரர், வாய் நிறைய வெற்றிலை. கிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி கறுத்துக்கிடந்தது. தை மாதத்தில் வரக்கூடாத மேகம். மூன்று ஏக்கர் நெல்லும் பாரம் தாங்காமல் சாய ஆரம்பித்திருந்தது. மழை பெய்தால் நெல் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும்.

நான் பத்தடி தூரத்திலிருந்தே சாவியை நீட்டி, டி.வி. ரிமோட்டை அமுக்குவதுபோல அமுக்கினேன். கார் பேசாமல் நின்றது. கிட்டப் போய் அமுக்கினேன். கண்ணாடியில் ஒட்டி வைத்து அமுக்கினேன். என் மனைவியின் அண்ணன் முருகேசன், "பேட்டரி வீக்கு மாப்புள. சட்டையில தேய்ச்சு அமுக்குங்க" என்றார். தேய்த்தும் அமுக்கினேன்.

மதினி பக்கத்தில் வந்து, "அது சாவிதான தம்பி? கதவுல ஓட்டை இருக்குல்ல, விட்டுத் திருகுங்களேன்" என்றார்.

திருகினேன். திறந்தது. உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

"ஒண்ணும் கவலப்படாதீங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிருவோம்" என்று முருகேசன் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு என்றைக்குமே தெரியாது. எட்டுப் பேர் கை வைத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "ம்ம், நல்லா அழுத்தி!" என்று ஊக்கம் கொடுத்தேன். எட்டுப் பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். கார் ஒரு அங்குலம் நகரவில்லை.

மெஷின்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "அக்கா, ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதுக்கு மேல முடியாது. அடுத்த ஊர்ல ஆளுங்க காத்திருக்காங்க. மழைக்கு முன்னால அவங்களும் அறுக்கணும்ல?"

அதற்குள் பக்கத்து வயல்காரர் ராசு வந்துவிட்டார். மதினி வயலை முடித்ததும் மெஷின் அடுத்துப் போக வேண்டியது அவருடைய வயலுக்குத்தான். "யாரு வண்டி இது? பாதையில எவனாச்சும் வண்டிய வைப்பானா?" என்று கேட்டார். எவன் என்று தெரிந்தேதான் கேட்டார். அந்த நிமிடம் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். குதிக்கத்தான். முழங்கால் அளவுகூட இல்லை.

"மெஷின்ல கயித்தக் கட்டி இழுத்துருவோம்" என்று மச்சான் கயிறு எடுக்கப் போனார்.

"நில்லுங்க" என்றார் மதினி.

மூன்று ஏக்கர் நெல், ஆறு மாதப் பாடு, தலைக்கு மேல் மேகம். என்னை அவர் என்ன திட்டியிருந்தாலும் தகும். ஒரு வார்த்தை திட்டவில்லை. காருக்குள் தலையை விட்டு கியர் கம்பியைப் பார்த்தார்.

"தம்பி, இது P-ல நிக்கிது. P-ன்னா என்ன?"

"பார்க்கிங்."

"அப்படின்னா சக்கரத்தப் பூட்டி வச்சிருக்குமா?"

யோசித்தேன். "ஆமா மதினி."

"அப்ப நம்ம இவ்வளவு நேரமும் பூட்டுன வீட்டப் புடிச்சுத் தள்ளிருக்கோம்."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்பியை இழுத்தேன். அசையவில்லை. கரண்ட் இருந்தால்தான் அந்தப் பூட்டு விடும் என்றேன்.

"கரண்டு இல்லாதப்ப விடுறதுக்கும் ஒரு வழி வச்சிருப்பான். செஞ்சவன் என்ன மடையனா? புக்கு எங்க?"

புத்தகம் டேஷ்போர்டு பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பி.காம். ஆன நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். "எங்கள் வாகனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்று அதில் இங்கிலீஷில் போட்டிருந்தது. மதினி புத்தகத்தை வாங்கி, எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் மடமடவென்று புரட்டினார். நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, கியர் கம்பி படம். பக்கத்துல சின்னதா மூடி மாதிரி. அதுல அம்புக்குறி. இத மட்டும் படிங்க."

படித்தேன். அந்த மூடியை நெம்பி எடுத்து, ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அழுத்திக்கொண்டே கியரை நியூட்ரலுக்கு மாற்றலாம் என்று எழுதியிருந்தது. மொத்தமே நாலு வரி. கார் வாங்கி மூன்று வாரமாகியும் எனக்குத் தெரியாததை, அதை இரண்டே நிமிடம் பார்த்த மதினி கண்டுபிடித்துவிட்டார்.

மதினி இடுப்பிலிருந்த கதிர் அரிவாளை எடுத்தார்.

"மதினி! புது வண்டி!"

"பதறாதீங்க. துண்டக் குடுங்க." அரிவாள் நுனியில் என் துண்டைச் சுற்றி, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல நெம்பினார். மூடி மெதுவாக வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. பிறகு மெஷின்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக்கொண்டார். அதை உள்ளே விடுவதற்கு முன் எழுந்து நின்று எல்லாருக்கும் வேலை சொன்னார்.

"பாதை அங்கிட்டுச் சரிவா இருக்கு. ராசண்ணே, முன் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. வண்டிக்கு முன்னாடி ஒருத்தரும் நிக்கப்படாது. அம்பதடி தள்ளுனா இடது பக்கம் களம். அங்கிட்டுத் திருப்பி நிப்பாட்டிருவோம். தம்பி, கைப் பிரேக்க இழுத்து வச்சுக்கங்க. நான் சொன்னப்புறம் விடுங்க. சாவியத் திருகியே வைங்க, இல்லாட்டி ஸ்டேரிங்கு பூட்டிக்கும்."

அதுவரை கத்திக்கொண்டிருந்த ராசு உடனே கல் தூக்கப் போனார். எனக்கு அப்போதே தோன்றியது, குவைத்தில் எங்கள் கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார வேண்டியவர் இந்த வயல்வரப்பில் நிற்கிறார் என்று.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனது. 'டொக்' என்றது. கியர் கம்பி வெண்ணெய் மாதிரி வழுக்கி N-க்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் கொஞ்சம் மரியாதையோடு குவைத் போய்ச் சேர்ந்திருப்பேன்.

கல்லை எடுத்தார்கள். மதினி, "விடுங்க" என்றார். கைப் பிரேக்கை இறக்கினேன். இந்தத் தடவை கார் நகர்ந்தது. எட்டுப் பேரும் முன்பு நகராத கோபத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளியிருந்தார்கள் போலிருக்கிறது. சரிவும் சேர்ந்துகொண்டது. ஸ்டியரிங் அரைக்கல்லைச் சுற்றுவது மாதிரி கனத்தது. எப்படியோ களத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். பிரேக்கை மிதித்தால் அது மரக்கட்டை மாதிரி இறுகி நின்றது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் அப்படித்தான் இறுகும், பலமாக மிதித்தால் நிற்கும் என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. நான் பயந்து காலை எடுத்துவிட்டேன்.

"பிரேக்கு புடிக்கல!" என்று அலறினேன்.

இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி மதினி கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார். "கைப் பிரேக்கு! கையால இழுங்க தம்பி!"

கையால் இழுக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. எந்தக் கை என்பது ஏறவில்லை. வலது கை முந்திக்கொண்டது. வலது பக்கம் சீட்டுக்குக் கீழே ஒரு கம்பி கிடைத்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

அது சீட்டைச் சாய்க்கிற கம்பி.

படார் என்று சீட்டோடு மல்லாந்தேன். எனக்குக் காரின் கூரை மட்டும் தெரிந்தது. வெளியே நின்றவர்களுக்கு நான் தெரியவே இல்லை. டிரைவரே இல்லாமல் ஒரு கார் களத்தைக் குறுக்கே கடந்து போவதை ஊரே பார்த்தது. "ஆளக் காணமே! ஆளு எங்கடா?" என்று மச்சான் கத்தியது கேட்டது. "இங்கதான் இருக்கேன்" என்று படுத்தபடியே பதில் சொன்னேன்.

அப்போது மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடுகிற காருக்குள் தாவி ஏறினார். ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. ஆனால் களத்தின் ஓரத்துக் குப்பைமேட்டில் மூக்கைப் புதைத்த பிறகுதான் நின்றது. நாலு மாட்டுச் சாணமும் ஒரு வருடம் ஊறிய மேடு. பதமாக இருந்தது. காருக்கு அடி இல்லை.

மதினி மூச்சு வாங்க என்னைக் குனிந்து பார்த்தார். "அடி கிடி பட்டுச்சா தம்பி?"

"இல்ல மதினி."

"அப்ப எந்திரிங்க. மெஷின் வருது."

அவ்வளவுதான். இறங்கி வயலுக்குப் போய்விட்டார். மெஷின்காரர் என் காரைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எனக்கல்ல, முன்னால் நடந்துபோன மதினிக்கு.

மூன்று ஏக்கரும் அறுத்து, ராசுவின் ஒன்றரை ஏக்கரும் அறுத்து, டிராக்டரில் நெல்லை ஏற்றித் தார்ப்பாய் கட்டுவதற்கும் முதல் தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். மறுநாள் அந்த டிராக்டர் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் போட்டுக் காரைக் கிளப்பிக் கொடுத்ததும் மதினிதான். எந்த முனையை எதில் மாட்டுவது என்று அதற்குள் அந்தப் புத்தகத்தில் படம் பார்த்து வைத்திருந்தார்.

நான் லீவு முடிந்து கிளம்பும்போது கார் சாவியை அவரிடமே கொடுத்தேன். ஆறே வாரத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதுவும் கிளட்ச் உள்ள வண்டியில் ஓட்டிக் காட்டி. இப்போது விதை நெல் வாங்க அறந்தாங்கி, பிள்ளைகளைக் காலேஜில் விடப் புதுக்கோட்டை என்று அந்தக் கார் அவரோடுதான் சுற்றுகிறது. பாதையை மறித்து ஒரு நாளும் நின்றதில்லை.

எனக்கு மிச்சம் வேறு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பகலில் கட்டிலில் நீட்டிப் படுத்தால், "என்ன, கார் ஓட்டுறியா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கதை நடந்தபோது பிறந்திராத குழந்தைகள்கூடக் கேட்கின்றன. போன வெள்ளிக்கிழமை குவைத்தில் ரூமில் படுத்தபடியே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். போனை எடுத்த என் மகள் திரும்பி, "பெரியம்மா, அப்பா படுத்திருக்காரு" என்று சத்தம் கொடுத்தாள்.

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "இந்தா வாரேன். அதுவரைக்கும் எதையும் புடிச்சு இழுக்காம இருக்கச் சொல்லு."