ஸ்கோப் சித்தப்பா

மேற்படிப்பு விஷயத்தில் மனிதர்கள் இரண்டு ரகம். படிக்கிறவர்கள், என்ன படிக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்கிறவர்கள். இரண்டாவது ரகத்துக்குப் பரீட்சை கிடையாது, விடுமுறையும் கிடையாது. எங்கள் உறவில் அந்த ரகத்துக்குப் பெயர் ஸ்கோப் சித்தப்பா.

பட்டப்படிப்பு முடிவு வந்த வீட்டை எறும்பு சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடிக்கிற மாதிரி கண்டுபிடித்து, செருப்பைக் கழற்றும்போதே "அடுத்து என்ன?" என்று கேட்டு, பதில் முடிவதற்குள் உதட்டைப் பிதுக்கி, மின்விசிறிக்கு நேராக உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, "அதுக்கெல்லாம் இப்ப ஸ்கோப் இல்ல" என்பார். எதற்கு? நீங்கள் எதைச் சொன்னீர்களோ அதற்கு. அவரும் ஒரு காலத்தில் தபால் வழியில் முதுகலை சேர்ந்தவர்தான். அந்தப் புத்தகக் கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் அவர் வீட்டு பீரோவின் குட்டைக் காலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்த ஸ்கோப்பாவது இருந்தது.

அவருடைய அண்ணன் மகளுக்குப் பூச்சியியல் படிக்க ஆசை. விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாலரைக்கு வந்து சேர்ந்தார் சித்தப்பா.

"பூச்சியா?" கணுக்காலில் கொசுவை அடித்தபடி கேட்டார். "அத அடிக்கத் தெரிஞ்சா போதாதா? படிக்க வேற செய்யணுமா?"

"நீங்க அடிச்சது தப்பிச்சிருச்சு சித்தப்பா," என்றாள் அவள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் குறுக்க நிக்கலம்மா. உன் படிப்பு, உன் இஷ்டம். அண்ணா, உங்க போனக் குடுங்க, என்னுதுல சார்ஜ் இல்ல. பெரிய கம்பெனில எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். அவர் வாயாலயே கேட்டுக்கோங்க."

அண்ணன் கொடுத்துவிட்டார். கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர் அவர்.

தெரிந்தவர் எடுக்கவில்லை. சித்தப்பா விடவில்லை. நாலு ஐம்பத்தைந்து. விண்ணப்பம் முழுவதும் நிரப்பியாகிவிட்டது. அப்பாவின் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் முடிந்தது. டிங் என்று வந்தும் விட்டது, சித்தப்பாவின் கைக்குள்.

"தம்பி, அந்தப் போனக் கொஞ்சம்…" அண்ணி கேட்டாள்.

"இருங்க அண்ணி, ரிங் போகுது."

பறித்தால் ரகளை, கெஞ்சினால் இன்னொரு அரைமணி அறிவுரை. மகள் யோசித்தாள்.

"சித்தப்பா, உங்க வார்த்தை இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன். இப்ப வந்த ஆறு நம்பரையும் நீங்களே சொல்லுங்க."

அறிவுரைக்காரரிடம் 'சொல்லுங்க' என்றால் போதாதா? போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தொண்டையைச் செருமினார்.

"நாலு… ஒண்ணு… ஸ்கோப் இல்லன்னு சொல்லிட்டேன், அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது… எட்டு, எட்டு… பூச்சிய வச்சு என்ன பண்ணப் போறியோ… ரெண்டு, ஏழு."

நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் மற்ற வீட்டு நாற்காலிகளில் அவர் சொல்வது வேறு: "பூச்சியியலுக்கு இருக்கற ஸ்கோப் எதுக்கு இருக்கு? எங்க அண்ணன் பொண்ணுக்கு நான் சொல்லித்தான் சேர்ந்தா."

பொய் இல்லை. ஆறு எண்களையும் அவர்தான் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பூச்சியியலில் ஆசை என்றதும், 'படிச்சிட்டு எந்த வேலைக்குப் போவா?' என்று ஒரு நொடி நினைத்தீர்களே, அது யார் குரல்? மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.