இரண்டு துடைப்பங்களும் ஒரு காலிஃபிளவரும்

லயனல் விக்கரிக்கு மறுத்துப் பேசும் வழக்கம் இல்லை. எதிரே நிற்பவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே அவருடைய தலை மேலும் கீழும் அசையத் தொடங்கிவிடும். ரொட்டிக்கடை வரிசையில் ஒருவர், "இன்னிக்கு மழை நிச்சயம்" என்றால், "ஆமாமா, மேகத்தப் பாத்தாலே தெரியுதே" என்பார். அவருக்குப் பின்னால் நிற்பவர், "ஒரு சொட்டு விழாது" என்றால், "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார். இரண்டையும் மனமாரச் சொல்வார் என்பதுதான் அதில் விசேஷம். பென்டர்ஸ் கோவ் பொதுமன்றத்தின் கூரைமேல், காற்று அடிக்கும் பக்கம் திரும்பும் தகரச் சேவல் ஒன்று உண்டு. அந்தச் சேவலாவது திரும்பும்போது ஒரு தடவை முனகும். லயனலிடம் அந்த முனகலும் கிடையாது.

இப்படிப்பட்டவர் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் நீடித்ததில் வியப்பில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மன்றத்தில் படம் போடுவார்கள். டாஸ்மேனியக் குளிருக்கு அஞ்சி, வருகிறவர்கள் ஆளுக்கொரு கம்பளியும், நாற்காலியின் கடினத்துக்கு அஞ்சி ஒரு திண்டும், சங்கத்தின் தேநீருக்கு அஞ்சி ஒரு தட்டுப் பலகாரமும் கொண்டுவருவார்கள். படம் முடிந்ததும் தலைக்கு ஒரு சட்டைப் பட்டன் போட்டு ஓட்டளிப்பார்கள். பிடித்திருந்தால் நீல ஜாடி, பிடிக்காவிட்டால் பழுப்பு ஜாடி. இரண்டும் சமமாக நின்றால் செயலாளர் தம் பட்டனைப் போட்டுத் தீர்க்க வேண்டும் என்பது விதி. அப்படியொரு நாள் வந்துவிடக் கூடாது என்பது லயனலின் ஒரே பிரார்த்தனை. அதற்கு முன்னெச்சரிக்கையாக, எந்தப் படத்திலும் கடைசி அரைமணி நேரத்துக்கு முன்பே எழுந்து அடுக்களைக்குப் போய் வெந்நீர் பாய்லர் அருகே நின்றுகொள்வார்.

"முடிவ நான் பாக்கணும்னு என்ன இருக்கு? வெளிய வந்ததும் எல்லாரும் சொல்லிடறாங்களே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவருக்கு வேறு வேலை. தோட்டத்தில் விளைந்த காலிஃபிளவர் ஒன்றைப் பறித்துக்கொண்டு பிரௌஸ் சகோதரிகளின் வீட்டு வாசலில் போய் நிற்பார். மூத்தவள் வெர்னா, இளையவள் டில்லி. துறைமுகத் தெருவில் சிப்பிக்கறி பஃப்ஸ் கடை வைத்திருப்பவர்கள். பூரணம் வெர்னாவின் கைவண்ணம், மாவு டில்லியின் கைவண்ணம். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லயனலுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. தனிக்கட்டையான அவருக்கு உலகத்தில் தமக்கென்று இருந்த ஒரே நாற்காலி அதுதான். அந்தச் சகோதரிகளில் ஒருத்தியை மணந்துகொண்டால் என்ன என்று சில வேளைகளில் தோன்றும். எவளை என்ற கேள்வி உடனே எழும். எழுந்தவுடன் அவர் வேறு நினைவுக்குப் போய்விடுவார்.

அந்த ஜூன் மாதம் போட்ட படத்தின் பெயர் 'நிலாவுக்கு இரண்டு துடைப்பம்'. ஒரு தீவில் சூனியக்காரச் சகோதரிகள் இருவர். அங்கே வந்து சேர்கிறான் ஒரு கால்நடை மருத்துவன். வாணலி தானாக நடனமாடுகிறது, பூனை ஆலோசனை சொல்கிறது, காதல் கஷாயம் தவறிப்போய் வாத்துக்களின் தொட்டியில் விழுகிறது. மன்றம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மருத்துவனின் வாத்து ஒன்று அவன்மேலேயே காதல் கொண்ட கட்டத்தில் லயனல் எழுந்து அடுக்களைக்குப் போனார்.

படம் விட்டது. பட்டன்கள் கலகலவென்று விழ, கருத்துகளும் விழத் தொடங்கின.

"இந்த நீரிணைக் காத்துல எவளாவது துடைப்பத்துல பறந்துட முடியுமா? பறந்தா நேரா நியூசிலாந்துலதான் போய் விழுவா" என்றான் மெர்வ். சிப்பி பிடிக்கும் படகுக்காரன் அவன். சங்கத்தின் புரொஜெக்டரை ஓட்டுபவனும் அவனே.

"காத்து ஒரு கணக்கு இல்லையா பின்ன" என்றார் லயனல்.

"பறக்கறதெல்லாம் பரவாயில்ல. பூனை நல்லா நடிச்சிருக்கு. மத்தவங்கதான் சுமார்" என்றாள் மருத்துவச்சி டாட்.

"பூனைக்குத்தான் நானும் கைதட்டினேன்."

உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் ஆல்பி வேறு குறை கண்டார். "அவ்வளவு பெரிய வீடு, எந்நேரமும் அடுப்பு எரியுது. விறகு யாரு பொளக்கறா? அதக் காட்டவே இல்லையே!"

"அதான், அதான். விறகுதான் இடிக்குது" என்றார் லயனல்.

வெர்னா தேநீர்க் கோப்பையோடு அருகில் வந்தாள். படத்தின் முடிவில் மருத்துவன் ஒற்றைப் பூங்கொத்தோடு வாசலில் நிற்கிறான். கதவு திறக்கிறது. திறந்தது யாரென்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது. அதை அவள் சொல்லித்தான் லயனல் தெரிந்துகொண்டார்.

"தொறந்தது சின்னவதான், லயனல். சந்தேகமே வேண்டாம். எதக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'ங்கற ஆம்பளைய மூத்தவளால ஒரு வாரம் தாங்க முடியாது. சின்னவளுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு. என்ன சொல்றீங்க?"

"நூத்துக்கு நூறு சின்னவதான்" என்றார் லயனல். வெர்னாவின் முகம் மலர்ந்தது.

சற்றைக்கெல்லாம் டில்லி வந்தாள். "கதவத் தொறந்தது மூத்தவதானே? பொறுப்பு, நிதானம் எல்லாம் அவகிட்டதான இருக்கு. அந்த ஆளுக்கு ஏத்தவ அவதான். சின்னவ பாவம், இப்பதான் கொஞ்சம் ஊர் சுத்தலாம்னு நெனைக்கறா."

"மூத்தவளத் தவிர வேற யாரு?" என்றார் லயனல். டில்லி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை அவர் பஃப்ஸ் வாங்கப் போனபோது கடையில் இரண்டு வரிசைகள் நின்றன. மேசையின் ஒரு முனையில் வெர்னா கிண்ணத்தில் பூரணம் விற்றுக்கொண்டிருந்தாள். மறு முனையில் டில்லி உள்ளே ஒன்றுமில்லாத மாவுக்கூடுகளை விற்றுக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டாரு. கேளு அவரையே!" என்றாள் வெர்னா. "சனிக்கிழம எங்கிட்ட என்ன சொன்னீங்க? சின்னவன்னுதான?"

"எங்கிட்ட மூத்தவன்னு சொன்னாரு!" என்றாள் டில்லி. "சொல்லுங்க லயனல், இப்பவே சொல்லுங்க."

லயனல் கிண்ணத்தையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார்.

"அவர ஏன் இழுக்கற? உன் பிடிவாதம் ஊருக்கே தெரியும், அக்கா மகாராணி!"

"நீ மட்டும் ரொம்ப விட்டுக்குடுக்கறவளாக்கும்!"

வாங்க வந்த மீனவர்களும் பண்ணையாட்களும் ஒரு கையில் சூடான கிண்ணமும் மறு கையில் வெற்றுக் கூடுமாகத் தெருவில் நின்று, இரண்டையும் எப்படி ஒன்று சேர்ப்பது என்று திணறினார்கள். ஆல்பியின் கோட்டு முழுக்கப் பூரணம். "சூனியக்காரிங்க பண்ணின வேலை" என்று சபித்துக்கொண்டே போனார் அவர்.

தம்மால் வந்த வினை என்பது லயனலை உறுத்தியது. ஒரு சின்னப் பொய்யால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணினார். டில்லி தனியே இருந்த சமயம் பார்த்து, "உங்க அக்கா மனசு மாறிட்டாங்க. மூத்தவதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க" என்று காதோடு சொன்னார்.

டில்லி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நெஜமாவா? அவளே சொன்னாளா? கடவுளே, எனக்கு இப்பதான் மூச்சு வருது!"

இதே பொய்யைத் திருப்பிப் போட்டு வெர்னாவிடமும் சொன்னார். வெர்னா மேசைமேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தங்கச்சிக்கு நல்ல மனசு, எப்பவுமே" என்றாள். ஒரு படத்துக்காகப் பெண்கள் இவ்வளவு உருகுவார்களா என்று லயனல் வியந்தார்.

சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டச் சந்தித்த இரண்டாவது நிமிடம் பொய் உடைந்தது. மறுநாள் கடைக் கதவே திறக்கவில்லை. வீட்டிலும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கெட்டில். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கதவைத் திறந்தது மூத்தவள் என்றது படகுத்துறை, சின்னவள் என்றன பண்ணைகள். ஞாயிற்றுக்கிழமை லயனல் காலிஃபிளவரோடு வாசலில் நின்று மணியடித்தார். உள்ளே இரண்டு குரல்கள் கேட்டன.

"போய்த் தொற."

"நீ போய்த் தொற."

கதவு திறக்கவில்லை. காலிஃபிளவரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தம் நாற்காலி போய்விட்டது என்று அன்று இரவு ரொட்டித் துண்டைக் கடித்தபோது அவருக்கு விளங்கியது.

கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தை இன்னொரு முறை போடுவது, கதவைத் திறந்தது யார் என்று ஊரே பட்டன் போட்டு முடிவு செய்வது. பெரும்பான்மை சொன்னால் இருவரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? மூத்தவளுக்கு நீல ஜாடி, இளையவளுக்குப் பழுப்பு.

"வேண்டாத வேலை" என்றான் மெர்வ், புரொஜெக்டரைத் துடைத்தபடி. "உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு ஊரு?"

"ரொம்பச் சரி" என்றார் லயனல். சொல்லிவிட்டு ஊரைக் கூட்டினார்.

அந்தச் சனிக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. பாய்லரை டாட் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டதால் லயனல் முதல்முறையாக ஒரு படத்தை இறுதிவரை உட்கார்ந்து பார்த்தார். கடைசி அரைமணி நேரத்தில் சிரிப்பதற்கு நிறைய இருந்தது. அவர்தான் சிரிக்கவில்லை. அந்த மருத்துவன் மூத்தவளிடம் ஆமாம் என்றான், இளையவளிடமும் ஆமாம் என்றான், வாத்திடம்கூட ஆமாம் என்றான். இரண்டு பெண்கள் அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் வெளியே ஒரு பூங்கொத்தோடு புன்னகைத்துக்கொண்டு நின்றான். எந்தக் கதவானாலும் சரி, யார் திறந்தாலும் சரி என்கிற புன்னகை அது. அந்தப் புன்னகையை எங்கோ பார்த்திருப்பதாக லயனலுக்குத் தோன்றியது. தினமும் காலையில் முகம் மழிக்கும்போதுதான் பார்த்திருக்கிறார்.

பட்டன்கள் விழுந்தன. வெர்னா தன் பட்டனைப் பழுப்பு ஜாடியில் ஓங்கிப் போட்டாள். டில்லி தன்னுடையதை நீல ஜாடியில் அதைவிட ஓங்கிப் போட்டாள். டாட் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"சமம்" என்றாள். "லயனல், உங்க பட்டன்."

இத்தனை ஆண்டுகளில் பட்டன் போட்டதில்லையாதலால் அவரிடம் பட்டன் இல்லை. தம் கோட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்தார். அவர் கை நீல ஜாடிக்குப் போனது, பழுப்புக்குப் போனது, பிறகு இரண்டுக்கும் நடுவே மேசைமேல் பட்டனை வைத்தது.

"மன்னிக்கணும்" என்றார். "இந்த முடிவ நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். பாக்காமலேயே வெர்னாகிட்ட ஆமான்னேன், டில்லிகிட்ட ஆமான்னேன். அப்புறம் ரெண்டு பேருகிட்டயும் பொய் சொன்னேன். உங்க சண்டைக்குக் காரணம் நான்தான்."

"அது இருக்கட்டும், யாரு தொறந்தா? அதச் சொல்லுய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஆல்பி கத்தினார்.

"யாரும் தொறந்திருக்கக் கூடாது" என்றார் லயனல்.

தாம் சொன்னதைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டார். ஆனால் வாய் நிற்கவில்லை. "யாரு வேணும்னு முடிவு பண்ணாம வாசல்ல நிக்கறவனுக்கு எதுக்குக் கதவத் தொறக்கணும்? பூவத் தூக்கிட்டு வந்தவன் ஒரு நாளாவது கோடாலியத் தூக்கிட்டு வந்தானா? ஆல்பி கேட்டது சரிதான். அந்த வீட்டுல விறகு யாரு பொளக்கறா?"

லயனல் சகோதரிகள் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். வெர்னா, உங்க ஆட்டுத்தொடை ரோஸ்ட் பிரமாதம்னு வாராவாரம் சொல்லிருக்கேன். அது செருப்பு மாதிரி இருக்கும். டில்லி, நீங்க அகார்டியன் வாசிக்கறப்ப நான் கண்ண மூடிக்கறது ரசிக்கறதுக்கில்ல."

வெர்னாவும் டில்லியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கிறார்கள். முதலில் டில்லியின் தோள் குலுங்கியது. பிறகு வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் என்ன நடந்ததென்று லயனல் பார்க்கவில்லை. பட்டன் போன கோட்டைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு பிரௌஸ் வீட்டுப் பின்புறம் போனார். மணியடிக்கவில்லை. குளிர்காலத்துக்கு முன்பே வந்திறங்கிய யூகலிப்டஸ் கட்டைகள் அங்கே பிளக்க ஆளின்றி ஈரத்தில் ஊறிக் கிடந்தன. இத்தனை ஞாயிறும் சன்னல் வழியே அவற்றைப் பார்த்தபடிதான் சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துப் பிளக்கலானார். விளாசலுக்கு விளாசல் மூச்சு வாங்கியது. பிளந்ததைத் தாழ்வாரத்துக் கூரையடியில் அடுக்கினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு சொல் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து குரல்கள் உயர்ந்தன. வெர்னா ஏதோ கத்தினாள். டில்லி பதிலுக்குக் கத்தினாள். ஒரு மூடி தரையில் விழுந்து உருண்டது. லயனல் கோடாலியைத் தாழ்த்தினார்.

வேலிப் பக்கமாக மெர்வ் சிப்பி மூட்டையோடு வந்தான். நாளைக்குக் கடை திறப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். மூட்டையை இறக்கிவிட்டு, அடுக்கிய விறகையும் லயனலையும் பார்த்தான்.

"இன்னும் சண்ட ஓயல, மெர்வ்" என்றார் லயனல். "நான் அவ்வளவு சொல்லியும், பாழாப்போன அந்தப் படத்துக்காக இன்னும்..."

"அடப்பாவி மனுஷா, சண்ட என்னிக்குய்யா படத்தப் பத்தி நடந்துச்சு?" என்றான் மெர்வ். "போன வாரம் வரைக்கும் உன்னக் காட்டி 'அந்தத் தலையாட்டி எனக்கு வேண்டாம், நீயே கட்டிக்கோ'ன்னு ஒருத்திமேல ஒருத்தி தள்ளிட்டிருந்தாங்க. இப்ப காதக் குடுத்து நல்லாக் கேளு, 'எனக்கு விட்டுக்குடு'ன்னு நடக்குது."