வால் தரையில் படக்கூடாது

"வால் தரையில இழுபடுது. போச்சு, என் வேலை போச்சு" என்று தலையில் கை வைத்தார் கண்காட்சியின் பொறுப்பாளர் அம்மா.

பத்து நிமிடத்தில் டைனோசர் எலும்புகளை ஆராயும் நிபுணர் வருகிறார். நடை சரியில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினால் கண்காட்சிக்குப் பூட்டு, அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூடத்தின் நடுவிலோ ரப்பர் டைனோசர் கங்காரு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. காலையில் அந்த உடுப்பின் ஜிப் பிய்ந்துபோனதால், தையல்காரரை வரவழைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார். இப்போது ஜிப் இழுத்து மூடியிருக்கிறது, நடிகரும் உள்ளே தயார். அந்த மட்டில் நிம்மதி.

"தம்பி, இது வாலைத் தூக்கிட்டு நடந்த மிருகம். முதுகு மேசை மாதிரி படுக்கையா இருக்கணும்."

"ம்ம்ம்" என்று கையை ஆட்டியது டைனோசர்.

"உறுமல் அப்புறம். முதல்ல நடை."

வாலைக் கயிற்றால் இழுத்து முதுகில் கட்டினார். தலை கூரையைப் பார்த்தது. தலையை இறக்க, மூக்குக்குள் ஒரு மணல் பையைத் திணித்தார். மூக்கு போய்த் தரையில் இடித்தது.

"ம்ம்ம், ம்ம்ம்."

"கோபம் மட்டும் நல்லா வருது. குனிப்பா, பின்பக்கத்தைத் தள்ளு." பொறுமை போய், அளவுகோலால் அங்கேயே ஒரு தட்டு தட்டினார்.

டைனோசர் ஓரடி உயரம் எகிறியது.

"ஐயோ, இது குதிக்கிற ஜாதி இல்லப்பா."

வாசலில் செருப்புச் சத்தம். நிபுணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நடக்கச் சொல்லுங்க" என்றார்.

டைனோசர் நகர்ந்தது. இடுப்பு இம்மியும் அசையவில்லை. முழங்கால் மடிந்தே இருந்தது. முதுகு படுத்தபடி, வால் அந்தரத்தில் நிற்க, ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகாலை முட்டை மேல் வைப்பதுபோல் வைத்து வைத்து வந்தது.

நிபுணருக்கு மூச்சே வரவில்லை. "இருபது வருஷமா எலும்பை வெச்சு நான் கணக்குப் போட்ட நடைங்க இது. ஒவ்வோர் அடியையும் யோசிச்சு வைக்குது. எங்க பிடிச்சீங்க இந்த ஆளை?"

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான் சார்." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பிழைத்தது.

அப்போது வாட்ச்மேன் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். பின்னால் மூச்சு வாங்க ஓர் இளைஞர்.

"மேடம், நடிகர் தம்பி இப்பதான் வந்து இறங்குறார். ஆனா தையல்காரரைத்தான் காணோம். பின்பக்கம் பூராக் குண்டூசி குத்தி, மீதியை வாயில கடிச்சுக்கிட்டு, ஜிப்பு தைக்க இந்த டைனோசருக்குள்ள போனவரு இன்னும் வெளியே வரலையே?"