எண்ணூர் எரிமலை சால்வை கொண்ட படலம்

வாழி எரிமலை! அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிபோல் நிமிர்ந்த நெஞ்சினன், கண்டெய்னர் லாரிகள் மலைத்தொடராய் மறித்து நிற்கும் சாலையை ஒற்றை பைக்கில் பிளந்தேகும் பேராற்றலன், உச்சி முதல் உள்ளங்கால் வரை தேங்காயெண்ணெய் பூசி ஒளிரும் திருமேனியன், மேடை மல்யுத்தத்தில் 'எண்ணூர் எரிமலை' எனப் பட்டம் பூண்ட பெனிட்டோ வாழி! இதுவரை ஒரு போட்டியிலும் வென்றிராத அவ்வீரனின் புகழ் பாடத் திருவொற்றியூர் உப்புக்காற்றே, எம் நாவில் வந்தமர்வாயாக; லாரிப் புழுதியை மட்டும் வாசலில் விட்டு வருவாயாக.

வெல்லாதது அவன் குற்றமன்று. வெல்பவன் யார், வீழ்பவன் யார் என்பது திரைக்குப் பின்னே, டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும் தொழில் அது. முடிவு செய்பவர் போட்டி நடத்தும் அப்பாவு. ஒவ்வொரு முறையும் எரிமலையின் தோளைத் தட்டி அவர் அருளும் ஆணை ஒன்றே: "நீ வுழுறா மாரி வேற எவனாலயும் வுழ முடியாது நைனா. இன்னிக்கும் வுந்துரு."

"தோக்கறதுக்குன்னு ஒர்த்தன் எண்ண தேச்சிக்கினு போவானா?" என்று கேட்டு, ஒரு போட்டிக்கும் வராதிருந்தாள் அவன் இல்லாள் ரோஸ்மேரி. அவளைக் கெஞ்சிக் கூத்தாடி அன்று மாலை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தியிருந்தான் நம் நாயகன். காசிமேட்டுச் சுறாவாகிய காலித்திடம் அன்றும் அவன் தோற்றாக வேண்டும். ஆயினும் ஆட்டத்துக்கு முன் மேடையில் போர்த்துவார்களே சால்வை, அதில் முதல் மரியாதை தனக்கே கிடைப்பதை அவள் கண்ணாரக் கண்டுவிட்டால் போதும், பிறகு ஆயுள் முழுக்க விழலாம். பாவம், அவன் ஆசை அவ்வளவுதான்.

இங்கே ஒரு மரபை அறிக. அப்பாவு கொண்டுவரும் சால்வை ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் போர்த்தி, கைதட்டல் ஓய்ந்ததும் திரைக்குப் பின்னே உருவி, உதறி, மடித்து, அடுத்தவருக்கும் அதையே போர்த்துவார். ஆகவே முதலில் பெறுபவன் கலைஞன். அடுத்துப் பெறுபவன் முன்னவனின் வியர்வையைச் சுமப்பவன்.

அந்த முதன்மையைத் தனதென்று கோரி எழுந்தான் கானா பிராங்கிளின், வெண்கோட்டு வேந்தன், இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத கொள்கைக் குன்று, மல்லர்கள் மேடையேறுகையில் பாட்டெடுத்துக் கூட்டத்தைக் கொதிக்க வைப்பவன். மூலக்கொத்தளம் தொட்டு எண்ணூர் வரை மணவீடும் பிணவீடும் அறிந்த தன் கண்டத்தைக் கனைத்து அவன் பிரகடனம் செய்தான்:

"கூட்டம் வந்துகீறது என் பாட்டுக்கு. நீ எண்ண சட்டிலருந்து எட்த்த வட மாரி கீற. உம்மேல போத்திட்டு அதயே எம்மேல போத்துவானா? என் கோட்டு இன்னாத்துக்காவறது?"

"நீ பாடுனா தெருதான் ஆடும் மாமு, நான் வுந்தா தரையே ஆடும்!" என்று குமுறியது எரிமலை.

திரைக்குப் பின்னே மூண்டது போர். வண்ணாரப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய அம்மஞ்சள் சால்வையின் ஒரு தலைப்பைப் பாடகன் பற்ற, மறுதலைப்பை மல்லன் பற்ற, ஜரிகை நூல்கள் அபயமென்று அலற, ஒலிபெருக்கிகள் நடுங்க, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் அணியணியாய்ச் சாய, இடையே சிக்கிய அப்பாவு, "டேய், கிழிஞ்சா எனக்குத்தான்டா பேஜாரு!" என்று தெய்வங்களை அழைக்கவும் மறந்து கதறினார். அந்தோ! எண்ணெய் தோய்ந்த விரல்களில் பட்டு நிற்குமா? வழுக்கிற்று, நழுவிற்று, சால்வை முழுதும் பிராங்கிளின் வசமாகும் வேளையில், கைகள் தோற்றாலும் கலை தோற்காது என்றுணர்ந்த எரிமலை, தன் வாழ்நாள் வித்தையைக் கையிலெடுத்தான். விழுந்தான். இதற்குமுன் எவரும் விழாதவாறு, சால்வையின்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான், விழுந்து புரண்டான், புரண்டு மீண்டும் புரண்டான்.

எழுந்தபோது அந்தச் சால்வை பரோட்டா சுற்றிய காகிதம்போல் கண்ணாடியாய்த் தெரிந்தது. பிராங்கிளின் தன் வெண்கோட்டைப் பார்த்தான், சால்வையைப் பார்த்தான், வாளைக் கீழே வைத்தான். "எனக்கு வாணாம்பா. அவனுக்கே போத்து."

முரசு முழங்க, வண்ண விளக்குகள் கண்ணைப் பறிக்க, முதலும் முடிவுமாய் அந்தச் சால்வை எண்ணூர் எரிமலையின் தோளேறியது. நெஞ்சு விம்மியது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அந்தப் பூரிப்பிலேயே, அப்பாவு சொன்னபடி, சுறாவிடம் தோற்றான். சொன்னதைவிடச் சிறப்பாகவே விழுந்தான். பின்னர் மேடையிறங்கி, சால்வையை மீண்டும் போர்த்திக்கொண்டு, வெற்றிகொண்ட வேந்தனாய் முன்வரிசைக்கு நடந்து, "பாத்தியா ரோசு, மொதல்ல யாருக்குப் போத்துனாங்கன்னு?" என்று வினவினான்.

சால்வை போர்த்திய நேரத்தில் ரோஸ்மேரி தள்ளுவண்டியில் அத்தோ நூடுல்ஸ் வாங்கப் போயிருந்தாள்.