ஓமம் விட்ட சொதி

இனி விறகு கொத்துவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அடியோடு அல்ல. ஒன்றுவிட்ட ஒரு நாள்.

கோப்பாயில் கரண்ட் போய் இரண்டு வருடம். மண்ணெண்ணெயைக் கண்ணால் காண்பதே அதிசயம். வீட்டு மூலையில் குளிர்சாதனப் பெட்டி செத்துப்போய் நிற்கிறது. ஆகவே தினமும் சமையல், தினமும் விறகு, தினமும் என் முதுகு. ஒரு விஞ்ஞான வாத்தியாருக்கு இது அழகா? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஓமத்தைக் காய்ச்சி வடித்து, ஒரு சின்னப் போத்தலில் தைலம் எடுத்தேன். சாப்பாட்டைப் பழுதாக்கும் கிருமிகளுக்கு அது எமன். ஊரே யுத்தத்தில் இருக்கும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா?

“இஞ்சாரும் பத்மாசினி, சொதியிலை ரண்டு துளி விட்டால் நாளைக்கும் நாளையிண்டைக்கும் பழுதாகாமல் நிக்கும்,” என்றேன் மனைவியிடம்.

“தேங்காய்ப்பால் சொதியோ? பின்னேரமே புளிச்சுப்போமே!”

“புளியாது. ஓமம்!”

“ஓமோ?”

“ஓம். ஓமம்.”

“நிண்டால்?”

“இனி ரண்டு நாளைக்கு ஒருக்காத்தான் விறகு.”

“நிக்காட்டில்?”

“சமையலும் நானே!” வாய் முந்திவிட்டது.

“ஓம்,” என்றாள். அவ்வளவு சுருக்காக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை.

சொதியை இரண்டு சட்டியில் பிரித்தேன். ஒன்றில் தைலம் விட்டேன். மற்றதில் ஒன்றுமில்லை. “இது புளிக்கோணும், அது நிக்கோணும். அப்பதான் தைலத்தின்ரை கெட்டித்தனம் விளங்கும்,” என்று அவளுக்குப் பாடம் வேறு நடத்தினேன். இலையான் மொய்க்காமல் இரண்டையும் செத்த பெட்டிக்குள் வைத்து மூடினேன். பரிசோதனை முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, பாணும் சம்பலும்தான் என்று ஒப்பந்தம்.

பின்னேரம் திறந்து பார்த்தேன். தைலச் சட்டியில் ஓமம் மணத்தது. வேறெதுவும் மணக்க அங்கே இடமில்லை. தைலம் விடாத சட்டியில் ஒரு கை அள்ளிக் குடித்து ருசி பார்த்தேன். புளிப்பே இல்லை. மழைக்குணம், அதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் வீடு திரும்ப இருட்டுப்படும் மம்மல் பொழுதாகிவிட்டது. வீட்டில் ஒரு சத்தமில்லை. அடுப்புக்குள் பூனை சுருண்டு படுத்திருந்தது. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக்கொண்டு போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தேன்.

உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு என் முகத்தில் பட்டது.

கரண்டே இல்லாத பெட்டி! விளக்குச் சுடர் ஒருக்கால் சாய்ந்து நிமிர்ந்தது. தைலம் விடாத சட்டியைத் தொட்டேன். சுட்டது. நேற்று நான் அள்ளிக் குடித்த சொதி, இன்றைக்கு விளிம்புவரை நிரம்பி நின்றது. வெள்ளை வெளேரென்று ஆவி விட்டது. பழுதாக வேண்டியது பழுதாகாவிட்டால் அது உயிரோடு இருக்கிறது என்றல்லவா அர்த்தம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பயந்துவிட்டேன்.

திரும்பினால் வாசலில் இரண்டு உருவங்கள். ஒன்று பத்மாசினி. மற்றது பக்கத்து வீட்டுக் குணலட்சுமி.

“அண்ணை, இந்த வளவிலை முந்தி மீனாம்பிகை எண்டொரு மனுசி இருந்தவ,” என்றாள் குணலட்சுமி மெதுவாக. “சொதியெண்டால் உயிரை விடுவா.”

“பேந்து?”

“விட்டிட்டா.”

பெட்டிக்குள் தட்டு ‘டொக்’ என்றது.

“ஐயரைக் கூப்பிடும்! ஓமம் வளக்கோணும்!” என்று கத்தினேன்.

“ஏன், உங்கடை ஓமம் காணாதோ?” என்றாள் பத்மாசினி.

“உந்தச் சட்டியளைக் கொண்டுபோய்க் கொட்டும்!”

“தவணை நாளைக்கெல்லோ? இப்ப கொட்டினால் நீங்கள் தோத்ததெண்டுதான் கணக்கு. ஓமோ?”

“ஓம்! ஓம்! ஓம்!” மந்திரம் போலச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் பாய்ந்தேன்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் தினமும் ஓமம்தான். அடுப்பு முன்னால், புகைக்கு நடுவில், கண்ணீர் வழிய நான்தான் ஐயர்.

போன கிழமை வேலிக்கு மேலால் ஒரு அகப்பை நீண்டது.

“இந்தாங்கோ அண்ணை,” என்றாள் குணலட்சுமி. “அண்டைக்கு ரண்டு நாளும் பத்மாக்கா என்ரை அடுப்பிலை புதுச்சொதி காய்ச்சி, தைலம் விடாத சட்டிக்கு மாத்தேக்கை மறந்துபோய் இஞ்சை விட்டது. இப்ப உங்களுக்குத்தானே தேவை.”

அகப்பையோடு வீட்டுக்குள் ஓடினேன். “அப்ப, என்ரை தைலம் தோக்கேல்லையோ?”

“எங்கை தோத்தது? உங்கடை தைலச் சட்டி அடுத்த நாளும் புளிக்கேல்லை. கொட்டமுன்னம் நான் ருசி பாத்தனான்.”

“அப்ப வெண்டது நான்!”

“ஓம்,” என்றாள் பத்மாசினி. “அகப்பை கையிலைதானே இருக்கு? சொதி திரையமுன்னம் ஓடிப்போய்த் துழாவுங்கோ.”