கணக்கு சாரின் ஒன்பது நிமிடம்

முதல் மணி அடித்து ஒன்பது நிமிடம் கழித்துக் கணக்கு சார் வந்தார். நேற்றும் ஒன்பது. முந்தாநாளும் ஒன்பது.

தலைமையாசிரியை சன்னலருகே நின்று குறித்துக்கொண்டார். பதவிக்கு வந்து மூன்று வாரம்தான். அதுவரை வேதியியல் ஆய்வகத்தில் நிம்மதியாக இருந்தவர்.

"நீங்க வந்ததுலேர்ந்துதான் அவர் லேட். பயம் விட்டுப்போச்சு," என்று தாளாளர் சொல்லியிருந்தார். "மாசம் முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. முடியலைன்னா மறுபடி லேப்தான்."

தலைமைப் பயிற்சி முகாமில் ஒரு வழி கற்றுக்கொடுத்திருந்தார்கள். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. கணக்கு சாரை அறைக்கு அழைத்தார்.

"உங்க வகுப்புல ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை சார். பெருமையா இருக்கு."

"நன்றி மேடம்."

"காலையில மட்டும் கொஞ்சம்..."

மணி அடித்தது. குறை மணியோடு போயிற்று. மிச்சமிருந்த பாராட்டையும் சொல்லி அனுப்பினார். கணக்கு சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

உடனே வரலாறு டீச்சர் வந்து நின்றார்.

"பதினோரு வருஷமா மணிக்கு முன்னாடி வர்றேன் மேடம். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. லேட்டா வந்தாத்தான் பாராட்டுன்னா நானும் நல்லா தூங்கியிருப்பேனே!"

நியாயம்தான். மறுநாளே சீக்கிரம் வருபவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியது, நிமிடக் கணக்கோடு. தலைமையாசிரியை இரண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்தார். தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று தோன்றியது.

மூன்றே நாளில் பி.டி. மாஸ்டர் பூட்டிய கேட்டில் ஏறிக் குதித்து பேண்ட்டைக் கிழித்துக்கொண்டார். 7.02-ஆ 7.01-ஆ என்பதில் வரலாறு டீச்சருக்கும் நூலகருக்கும் பேச்சு நின்றுபோனது. வாட்ச்மேனுக்குப் பல் தேய்க்க நேரமில்லை.

கணக்கு சார் மட்டும் அதே ஒன்பதில் அசையாமல் நின்றார்.

தலைவரே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றும் முகாமில் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த தலைமையாசிரியை ஏழரைக்கே வந்து கேட்டில் நின்றார். கணக்கு சார் இருபது நிமிடம் லேட். தலைமையாசிரியை ஏழுக்கு வந்தார். கணக்கு சார் முப்பது நிமிடம் லேட்.

அறிவியல் படித்தவர் அல்லவா, வரைபடம் போட்டுப் பார்த்தார். அழகான நேர்கோடு. காரணம்தான் பிடிபடவில்லை. மறுபடி அழைத்தார்.

"என்னதான் சார் பிரச்சினை?"

"காலையில வீட்டுல வேலை கூடிப்போச்சு மேடம்."

"அதெல்லாம் ஒரு காரணமா சார்?"

கணக்கு சார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இல்லைதான் மேடம்."

மாதக் கடைசி. தாளாளரே கேட்டுக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியை ஆறரைக்கே ஆஜர். மணி அடித்து நாற்பது நிமிடம் கழித்துக் கணக்கு சார் ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. தோளில் பால் கறை.

எல்லா சன்னலிலும் ஆசிரியர்களின் தலைகள். இந்த முறை தலைமையாசிரியை பாராட்டே இல்லாமல் ஆரம்பித்தார்.

"சார், நாப்பது பிள்ளைங்க உங்களுக்காகக் காத்திருக்காங்க. நாளைக்கும் லேட்டுன்னா எழுத்துல எச்சரிக்கை வரும். யாரா இருந்தாலும் இங்க ஒரே மணிதான்!"

குரல் மாடிவரை போனது. அவருக்கே ஆச்சரியம்.

"சரிங்க மேடம்," என்றார் கணக்கு சார். திட்டு வாங்கியவர் முகமாக அது இல்லை. பரிசு வாங்கியவர் முகமாக இருந்தது.

தாளாளர் தொண்டையைச் செருமினார். "அவர் நேரத்துக்கு வரலை, சரி. ஆனா யார்னு பார்க்காம கேட்டீங்க பாருங்க, அது போதும். பதவி உங்களுக்குத்தான்."

அவர் கார் போகும்வரை தலைமையாசிரியை நிமிர்ந்தே நின்றார். பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் சரிண்ணா. இந்த மனுஷனை நாளைக்கு எப்படி நேரத்துக்கு வரவைக்கறது?"

"நீங்க ஆறரைக்கே இங்க வந்து நின்னுட்டா, ரெட்டைப் பிள்ளைங்களை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, வேன்ல ஏத்திவிட்டுட்டு உங்க வீட்டுக்காரர் வேற எத்தனை மணிக்குத்தான் மேடம் வருவாரு?"