‘என்கிட்ட ஓடுதே’ அண்ணன்

‘என்கிட்ட ஓடுதே’ என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, பெயர்தான் தெரிந்திருக்காது. மாடியில் தண்ணீர் வரவில்லை என்று குடியிருப்பவர் போய்ச் சொன்னால், தன் வீட்டுக் குழாயைத் திறந்து சாவகாசமாகக் கை கழுவிக் காட்டுகிறாரே வீட்டுச் சொந்தக்காரர், அவர் இந்த இனம். குளிருகிறது என்று மனைவி சொன்னால், ‘எனக்கு வேர்க்குதே’ என்று மின்விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறவரும் இதே இனம். நான் சொல்லப்போவது இவர்களுக்கெல்லாம் மூத்தவரைப் பற்றி.

அவரை முதன்முதலில் சந்தித்தது என் நாற்காலிக்குப் பின்னால். முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் வந்துவிட்டது. “எழுந்திரு தம்பி, நான் பாக்கறேன்.”

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே எடிட்டர் மென்பொருளில்தான் நிரல் எழுதுவோம். அதோடு ஒட்டிக்கொள்ளும் பிளக்-இன் ஒன்றை அண்ணன் செய்து வைத்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் நம் நிரல் ஓடும். ஓடிவிட்டு அது என்ன சொல்கிறதோ அதைப் பிடித்துத் திரையின் அடியில் ஒரு பெட்டியில் காட்டும். வாரக் கடைசிக் கூட்டத்தில் பெரிய திரையில் அந்தப் பெட்டியைத்தான் போடுவார்கள். பெட்டியில் வந்தது வேலை. வராதது வேலையே இல்லை.

என் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. வெளுத்த துணி மாதிரி வெள்ளையாக இருந்தது.

எனக்கு அது விளையாட்டு இல்லை. தகுதிகாண் காலம் முடிகிற வாரம். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ‘பையனுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு’ என்று அப்பா முன்கூட்டியே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அண்ணனின் வைத்திய முறை மாறாதது. முதலில் எடிட்டரை மூடித் திறப்பார். பிறகு கணினியையே மூடித் திறப்பார். பிறகு பிளக்-இன்னைக் கழற்றி, சூடு ஆறட்டும் என்பதுபோல ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி மாட்டுவார். நடுவில் திரையில் ஏதாவது செய்தி வந்தால் நாம் முதல் சொல்லைப் படிப்பதற்குள் மூடிவிட்டு, “அது வரும் போகும், கண்டுக்காத” என்பார். எதுவும் பலிக்காவிட்டால் தோளில் கை போட்டு, நோயாளியை ஸ்கேன் அறைக்கு அழைத்துப்போவது போலத் தன் மேஜைக்கு அழைத்துப்போவார். அன்றும் அப்படியே, என் நிரலைத் தன் கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினார். பெட்டி கொள்ளாமல் எழுத்து.

“என்கிட்ட ஓடுதே.”

“என்கிட்ட ஓடலையேண்ணா.”

“பிளக்-இன் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? அப்ப வித்தியாசம் எதுல? ஆளுலதான் தம்பி.”

பெட்டியில் வந்ததைப் படித்தாரா? எதற்குப் படிக்க வேண்டும்? வந்துவிட்டதே.

பக்கத்து மேஜை அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “எனக்கும்தான் வரல. அவர்கிட்ட புரிய வைக்கறதுக்கு வேற பிரிவுக்குப் போறது சுலபம்னு மாத்தல் கேட்டிருக்கேன்.”

எனக்கு மாற்றல் கேட்க வேலையே நிச்சயமில்லை. உட்கார்ந்து துருவினேன். விஷயம் சின்னது. நிரல் சொல்வது வெளியே வர இரண்டு குழாய். விடைகள் ஒன்றில் வரும். குறைகள் மற்றொன்றில் வரும். எங்கள் பிரிவின் நிரல்களில் குறை கண்டுபிடிப்பதுதான் என் நிரலின் வேலை. ஆகவே அது பேசுவதெல்லாம் இரண்டாவது குழாயில். அண்ணனின் பிளக்-இன் முதல் குழாய்க்கு மட்டும் வாளி வைத்திருந்தது. அப்படியானால் அவர் கணினியில் எப்படி வந்தது? எந்தக் காலத்திலோ இரண்டு குழாயையும் ஒன்றாக்கும் வரி ஒன்றைத் தன் கணினியில் மட்டும் எழுதி, எழுதியதையே மறந்திருந்தார்.

“அண்ணா, ஒரே வரி மாத்தினா போதும். குறைங்க வேற வழியா வருது, நாம அதைப் பிடிக்கறதில்ல.”

“என்கிட்ட எல்லாம் வருது தம்பி. நீ குறை சொல்றத விட்டுட்டு வேலையப் பாரு.”

கூட்டத்தன்று காலை அண்ணனுக்குப் புதுக் கணினி வந்தது. காகிதம் போல மெல்லியது. பழையதை அப்போதே எடுத்துப் போய்விட்டார்கள்.

பெரிய திரையில் என் வெள்ளைப் பெட்டி விரிந்தது. பிரிவுத் தலைவி என்னைப் பார்த்தார். “இத்தன நாள்ல ஒண்ணுமே வரலையாப்பா?”

எனக்கு ஊரில் அப்பாவின் முகம் தெரிந்தது. அண்ணன் தன் புதுக் கணினியோடு பெருந்தன்மையாக எழுந்தார். “பையன் நல்லவன் மேடம். மெஷின்தான் சரியில்ல. என்கிட்ட ஓடும், பாருங்க.”

அழுத்தினார். வெள்ளை. பலமாக அழுத்தினார். மூடித் திறந்தார். வெள்ளை. அக்கா முதன்முறையாகத் தன் திரையை விட்டு நிமிர்ந்தார். சற்று நேரம் அண்ணன் முகத்தில் நம்மைப் போன்ற ஒரு மனிதர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“மேடம், நான் ஒரு பெரிய கோளாறைக் கண்டுபிடிச்சிருக்கேன். இது எல்லார் மெஷின்லயும் இருக்கும்னு நினைக்கறேன்.”

“இருக்கு,” என்றார் அக்கா.

“அந்த ஒரு வரியப் போடவாண்ணா?” என்று எழுந்தேன்.

“போடு, நான் சொல்றேன்,” என்றார். நான் தட்டி முடித்த பிறகு சொல்லவும் செய்தார். பெட்டி நிறைந்தது. என் நிரல் பிரிவின் குறைகளை வரிசையாகக் கொட்டியது. முதல் குறையாகவே அண்ணனின் பிளக்-இன் பெயர் நின்றது. அன்று தன் மேஜையில் அவர் படிக்காமலே எனக்குக் காட்டிய அதே வரி.

தலைவி அதை இரண்டு முறை படித்தார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கோளாறைக் கண்டுபிடித்ததற்காக அண்ணனுக்குக் கைதட்டல். நானும் தட்டினேன். ஊருக்குப் போனில் பேசினால், “அதான் அப்பவே சொன்னேனே,” என்றார் அப்பா.

இதைப் படித்துக்கொண்டே ‘நல்லவேளை, என்கிட்ட இந்தப் பழக்கம் இல்லையே’ என்று நினைத்தீர்களா? அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கேயோ கேட்ட வாக்கியமாக இல்லை? சந்தேகமிருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது வாளியை இரண்டாவது குழாய்க்கும் வையுங்கள்.

அண்ணன் இப்போது மேல்மாடியில் தனி அறையில் இருக்கிறார். பழுது பார்ப்பது எப்படி என்று புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார். அக்காவுக்கு மாற்றல் கிடைத்தது, அண்ணனின் அந்தப் புதுப் பிரிவுக்கே.